ஓசூர் பிஸ்கட் கம்பெனியில் என் மகன்

அடி அண்ணாமலை,
வைகாசி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் வல்லரசுவுக்கு அப்பா தருமன் எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பதாகப் போனில் சொல்கிறாய். அதில் பாதியை நான் நம்புகிறேன், மீதிப் பாதிக்காக உன் அம்மா தினமும் வாயுலிங்கம் வரை நடந்து போய் விளக்குப் போடுகிறாள். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் முன்னால் உங்கள் இடத்தில் யாராவது பிரித்துப் படிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். படிக்கட்டும், அவருக்கும் என் வணக்கம். தமிழ் தெரியாதவராக இருந்தால் தெரிந்தவரை வைத்துப் படித்துக்கொள்ளட்டும், ஆனால் நடுவில் விட்டுவிட்டுப் படிக்க வேண்டாம், விட்டுப் படித்தால் என்னைப் பற்றித் தவறாக நினைக்க இடமுண்டு. நீ இருக்கும் ஊரின் பெயரை உள்ளே எங்கும் எழுதமாட்டேன். உறையின் மேல் எழுதாமல் முடியாது, போன முறை அதைக்கூட அஞ்சல் அலுவலகத்தில் அந்தப் பெண் சத்தமாகப் படித்தபோது மெதுவாகப் படிக்கச் சொன்னேன்.

கத்திரி முடிந்தும் வெயில் குறையவில்லை. கொல்லையில் மல்லாட்டை பிடுங்கி ஆகிவிட்டது, கடலை இந்த முறை திரட்சி, ஆனால் பன்றி வந்து ஓரத்தைக் கிளறிவிட்டது. பன்றிதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு மேலண்டைக் கொல்லைக்காரன் மேல் சந்தேகம், பன்றி செடியைப் பிடுங்கி வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுப் போகாது. பௌர்ணமிக்குக் கூட்டம் ஜாஸ்தி. நம் கட்டணக் குளியலறைக்கு முன்னால் கிரிவலம் வந்த வெளியூர்க்காரர்கள் வரிசையில் நின்றார்கள், போர் தண்ணீர் கடைசி வரை நின்றது. உன் அக்கா நந்தினி வேங்கிக்காலில் புது வீட்டுக்குக் குடிபோய்விட்டாள். வாசலில் கேமரா வைத்திருக்கிறார்கள், நான் போனால் மாப்பிள்ளை உள்ளேயிருந்தே பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறார். அதை நான் தப்பு சொல்லவில்லை. சரியான வேலைதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவின் போனுக்குப் பேசினாய். எப்போதும் அவள் போனுக்குத்தான் பேசுகிறாய், அது ஒரு பக்கம் இருக்கட்டும். அவளுக்கு இடது காது கொஞ்சம் மந்தம், அதனால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள் என்பதை நீ மறந்துவிட்டாய். நான் உள்ளே முறத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நீ, "அப்பா வேணும்னே பண்ணாராம்மா?" என்று கேட்டாய். அவள் பதில் சொல்லாமல், "சாப்பிட்டியாடா?" என்றாள். நீயும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். என்னைக் கூப்பிட்டு என்னிடமே கேட்டிருக்க வேண்டும். பெற்ற அப்பன் மேல் சந்தேகம் வந்தால் அதை அம்மாவிடம் கேட்டு வாங்குகிற பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டதையும் நீ அப்படித்தான் செய்தாய். உன் அம்மாவுக்குத் தெரியும், உன் மாமன் காசிக்குத் தெரியும், கல்லூரி வாத்தியாருக்குத் தெரியும், எனக்கு மட்டும் நீ தேர்வாகி வந்த பிறகு தெரியும். அதனால் நடந்தது அவ்வளவையும் வரிசையாக எழுதுகிறேன். நான் அஞ்சாவது வரைதான் பள்ளிக்கூடம் போனேன், மற்றதெல்லாம் நானாகப் படித்துக்கொண்டது, பட்டா கேசில் வக்கீல் இல்லாமல் என் மனுவை நானே எழுதி ஜெயித்தவன், எனக்கு ஒன்றை விளக்கிச் சொல்லத் தெரியும்.

எல்லையில் சண்டை என்று டிவியில் சொன்ன அன்று நீ பேசினாய். அன்றைக்கு மட்டும் என்னிடமும் போனைக் கொடுக்கச் சொன்னாய். "அப்பா, நான் எங்க இருக்கேன், இன்னா கத்துக்கறேன்னு யார் கேட்டாலும் சொல்லாதீங்க. போட்டோ எதுவும் போடாதீங்க. தெரியாத ஆளு வந்து கேட்டா ஜாக்கிரதை"ன்னு சொன்னாய். சொன்னது நீ. இதை முதலில் ஞாபகம் வைத்துக்கொள். சொன்னபடி செய்தது நான். அப்போது பஸ் ஸ்டாப்பில் காசி ஒரு பிளெக்ஸ் கட்டி வைத்திருந்தான், உனக்குத் தெரியும். உன் படம் பெரிதாக, அவன் படம் உன்னைவிடக் கொஞ்சம்தான் சின்னதாக, பின்னால் ஒரு போர் விமானம். அந்த விமானம் நம் நாட்டுடையதே இல்லை, நான் பேப்பரில் படம் பார்த்து ஒப்பிட்டுப் பார்த்தேன், யாருடையதோ. "வானத்தை ஆள வரும் எங்கள் வல்லரசே" என்று எழுதி, கீழே நீ படிக்கும் இடத்தின் பெயரையும் போட்டிருந்தான். நீ பேசிய மறுநாள் காலையில் நான் ஏணி போட்டு அதைக் கழற்றிக் கொண்டுவந்து ஆட்டுக் கொட்டகைக்கு மேல் விரித்துவிட்டேன். காசி வந்து வாசலில் நின்று, "மாமா, என் அக்கா புள்ளைக்கு நான் வச்ச பேனர அவுக்க நீங்க யாரு?"ன்னு கேட்டான். நான் அவனுடைய அப்பன் என்றேன். அதற்குப் பிறகு அவன் இந்த வாசலுக்கு வரவில்லை. அவன் வராதது ஒன்றும் நஷ்டமில்லை, ஆனால் உன் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு புதன்கிழமை அந்த ஆள் வந்தார். பௌர்ணமி இல்லை, பிரதோஷம் இல்லை, வெயில் உச்சியில் இருக்கிறது, பாதையில் நாய்கூட இல்லை. கட்டம் போட்ட சட்டை, இடுப்பில் நல்ல பெல்ட், காலில் பளபளவென்று பிரவுன் ஷூ. குளியலறை வாசலில் வந்து நின்று, "கிரிவலம் வந்தேங்க, கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"ன்னு கேட்டார். நீ இந்த மண்ணில் பிறந்தவன், உனக்குச் சொல்லத் தேவையில்லை. மலையைச் சுற்றுகிறவன் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றுவான். வெளிநாட்டுக்காரன்கூடக் காலில் கொப்பளத்தோடு சுற்றுகிறான். கிரிவலம் வந்தேன் என்று வாயால் சொல்லிக்கொண்டு காலில் பாலிஷ் போட்ட ஷூவோடு நிற்கிறவன் யார்? பொய் சொல்கிறவன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துக்கொண்டே, "இந்தத் தெருவுல தருமன்னு ஒருத்தர், அவர் பையன் ஏர்போர்ஸ்ல இருக்காராமே?"ன்னு ஆரம்பித்தார். இதற்குத்தான் வந்திருக்கிறார் என்று புரிந்துகொண்டேன். ஆனால் முகத்தில் காட்டவில்லை. தருமன் நான்தான், ஆனால் என் பையன் ஓசூரில் பிஸ்கட் கம்பெனியில் இருக்கிறான் என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "பிஸ்கட் கம்பெனியா?"ன்னு கேட்டார். ஆமாம், பேக்கிங்கில், எனக்கும் அவனுக்கும் பேச்சு வார்த்தை இல்லை, படிப்பும் ஏறவில்லை என்று சொன்னேன். அதன் பிறகுதான் அவர் பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டி, நான் போலீஸ், மஃப்டியில் வந்திருக்கிறேன், பெயர் அப்பாசாமி, ஏட்டு, உங்கள் பையன் விஷயமாகத்தான் விசாரிக்க வந்தேன் என்றார். இதையெல்லாம் முதலிலேயே சொல்லியிருந்தால் நான் யோசித்திருப்பேன். ஒரு முறை பொய் சொன்னவன் இரண்டாவதாக நீட்டும் கார்டை எப்படி நம்புவது? அந்த மாதிரிக் கார்டு தேரடித் தெருவில் எந்த ஜெராக்ஸ் கடையிலும் அடித்துக் கொடுப்பான். போலீஸ் என்றால் சந்தோஷம், என் பையன் ஓசூரில்தான் இருக்கிறான் என்று மறுபடி சொன்னேன். அவர் போன பிறகு எதிர்வீட்டு ராஜம்மாளிடம் போய், யார் வந்து கேட்டாலும் ஓசூர் என்றே சொல்லு என்று சொல்லி வைத்தேன். அவள் விசுவாசமாக, தபால்காரர் உனக்கு வந்த பாங்க் கடிதத்தைக் கொடுக்க வந்தபோதுகூட, "அந்தப் புள்ள ஓசூர்ல பிஸ்கட்டு கம்பெனில இருக்குதுங்க"ன்னு சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு போன் வந்தது. வேங்கிக்கால் போலீஸ் ஆபீசிலிருந்து பேசுகிறோம், உங்கள் மகன் வல்லரசு பற்றி விசாரணை, ஆதாரை எடுத்துக்கொண்டு நேரில் வரவேண்டும் என்று ஒரு குரல். பேப்பரில் தினமும் வருகிறது. போலீஸ் என்று சொல்லிப் போன் போட்டு, உன் மகன் மாட்டிக்கொண்டான் என்று பயமுறுத்தி, வீட்டுக்குள்ளேயே உட்கார வைத்து எல்லாவற்றையும் உருவிக்கொள்கிறார்கள். படித்தவர்களே ஏமாந்து போகிறார்கள். நான் ஏமாறவில்லை. "என் ஆதாரு இருக்கட்டும், மொதல்ல உன் ஆதார காட்டு"ன்னு சொல்லிவிட்டு அந்த நம்பரை பிளாக் செய்தேன். வேறு நம்பரில் வந்தது. அதையும் பிளாக் செய்தேன். அன்று எனக்குள்ளே ஒரு பெருமைகூட இருந்தது, என் மகன் அங்கே காவல் காக்கப் படிக்கிறான், நான் இங்கே அவனைக் காவல் காக்கிறேன் என்று.

பிறகுதான் காசி வந்தான், வராதவன் வந்தான். உள்ளே வராமல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே பேசினான். "மாமா, வந்தவரு நெசமான போலீசு. என்கிட்டயும் வந்தாரு. வல்லரசு பிளேன் ஓட்டக் கத்துக்கறான்னு நான் சொல்லிக்கினு இருக்கேன், நீங்க பிஸ்கட்டு சுடறான்னு சொல்லி வச்சிருக்கீங்க. அந்த மனுசன் எதைத்தான் எழுதுவாரு?" பிஸ்கட் சுடுகிறான் என்று நான் சொல்லவே இல்லை, பேக்கிங்கில் இருக்கிறான் என்றுதான் சொன்னேன் என்றேன். காசி தலையில் அடித்துக்கொண்டு, "அக்கா, கேட்டியா உன் வூட்டுக்காரரு பேசறத?" என்று உள்ளே பார்த்துக் கத்தினான். விஷயம் இதுதான். உன்னைப் போர் விமானம் ஓட்டும் அடுத்த பயிற்சிக்கு அனுப்பும் முன்னால் வீட்டையும் ஊரையும் மறுபடி விசாரிக்கிறார்கள். சண்டைக் காலம் என்பதால் இறுக்கமாக விசாரிக்கிறார்கள். அப்பன் ஒன்று சொல்கிறான், மாமன் ஒன்று சொல்கிறான், எதிர்வீட்டுக்காரி அப்பன் சொன்னதையே சொல்கிறாள். மகன் எங்கே இருக்கிறான் என்பதைப் பெற்றவனே மறைத்தால் என்ன அர்த்தம் என்று மேலே கேள்வி போயிருக்கிறது. அப்பா நேரில் வந்து வாக்குமூலம் கொடுக்கட்டும் என்று அப்பாசாமி காசியிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நீயும் பேசினாய், இது நீ அம்மாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்னால். உன்னோடு சேர்ந்தவர்கள் எல்லாம் பறக்கிறார்கள், உன்னை மட்டும் தரையில் உட்கார வைத்திருக்கிறார்கள், மாதக் கடைசிக்குள் இங்கிருந்து பதில் போகாவிட்டால் உன்னைப் பறக்கும் வேலையிலிருந்து எடுத்துத் தரைப் பணிக்கு மாற்றிவிடுவார்கள் என்று சொன்னாய். உத்தியோகம் போகாது, அதே உடுப்பு, அதே மரியாதை, விமானம் மட்டும் கிடையாது.

இதுவரை எழுதியதில் என் மேல் தவறு என்று ஒன்றும் இல்லை. இதை உன்னிடமும் சொல்கிறேன், பிரித்துப் படிக்கிறவரிடமும் சொல்கிறேன், நாளைக்கு யார் கேட்டாலும் சொல்வேன். நீ சொன்னபடி செய்தேன். ஷூ போட்டவனை நம்பவில்லை. முகம் தெரியாத குரலை நம்பவில்லை. மறுபடி அந்த ஆள் அப்படியே வந்து அப்படியே நின்றால் மறுபடியும் ஓசூர் என்றுதான் சொல்வேன். ஆகையால் வேணும்னே பண்ணாரா என்ற உன் கேள்விக்கு, அந்தப் புதன்கிழமைக்கான பதில், இல்லை.

ஆனால் நீ தரையில் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்ட பிறகு நடந்ததற்கு வேறு பதில். அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன். நீ பறக்க ஆரம்பித்ததிலிருந்து தட்டில் போட்டதை முழுதாகத் தின்றதில்லை, உன் அம்மா வெயில் என்று நினைத்துக்கொண்டாள். நம் ஊருக்கு மேலே பெங்களூருக்கும் சென்னைக்கும் போகிற விமானம் தினமும் போகிறது, நான் தலை தூக்கிப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். எங்காவது பயிற்சி விமானம் விழுந்தது என்று பேப்பரில் ஒரு மூலையில் வந்தாலும் அந்தத் தாளை உன் அம்மா பார்க்கும் முன்னால் மடித்து மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகிவிடுவேன். அவளும் அதே செய்தியைப் போனில் பார்த்துவிட்டு எனக்குத் தெரியக்கூடாது என்று போனையே மறைத்து வைத்திருக்கிறாள், அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இப்படி இருந்தவன் காதில், உன் மகன் தரையில் இருக்கிறான், இனிமேல் தரையிலேயே இருப்பான், அதற்கு நீ எதுவும் செய்ய வேண்டாம், வெறுமனே வீட்டில் உட்கார்ந்திருந்தால் போதும் என்று விழுந்தால் அவன் என்ன செய்வான்? நான் உட்கார்ந்திருந்தேன். அப்பாசாமி இரண்டு முறை சொல்லி அனுப்பினார். மல்லாட்டை பிடுங்குகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பிடுங்கி முடித்த பிறகும் அதையே சொல்லி அனுப்பினேன். அதை நான் வேண்டுமென்றேதான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன். அதற்காக வருத்தப்படுகிறேன் என்று எழுதமாட்டேன், ஏனென்றால் வருத்தப்படவில்லை.

உன் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். வேலை முடிந்து ஆள்காரர்கள் எல்லாம் போன பிறகு நான் கொல்லைக்குக் கிளம்பியபோது வழியில் நின்று, "கொல்லையில இன்னா இருக்குது? வெறும் மண்ணு. போய் எதைப் புடுங்கப் போறீங்க?"ன்னு கேட்டாள். பிறகு "அவன் ஆசைப்பட்டுப் போனாங்க"ன்னு மட்டும் சொன்னாள். நான், உனக்கு அவன் உயிரோடு இருக்க வேண்டாமா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அதன் பிறகு சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், மோர் ஊற்றினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. காசி மட்டும் சாலையில் பார்க்கும்போதெல்லாம், "இன்னா மாமா, பிஸ்கட்டு நல்லா விக்குதா?"ன்னு கேட்டுக்கொண்டே போனான். கேட்கட்டும், எனக்கென்ன என்று இருந்தேன்.

இந்த வாரம் திங்கட்கிழமை ராஜம்மாள் குடத்தோடு தண்ணீருக்கு வந்தாள். நல்லவள்தான், உன்னைத் தூக்கி வளர்த்தவள்தான். குழாயைத் திறந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "ஏங்க, நம்ம வல்லரசு மேல ஏதோ கேஸாமே? எதிரி நாட்டுக்குத் தகவல் குடுத்துட்டான்னு புடிச்சு வச்சிருக்காங்களாம், கடைத்தெருவுல பேசிக்கறாங்க"ன்னு கேட்டாள். யார் சொன்னது, எந்த நாய் சொன்னது என்று கத்தினேன். அவள் பயப்படவில்லை. "என்கிட்ட கத்தாதீங்க. பேனர அவுத்தது நீங்க. ஓசூர்னு சொல்லச் சொன்னது நீங்க. போலீசு கூப்புட்டா போவாதது நீங்க. மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லன்னா எதுக்குங்க மறைக்கணும்? ஊரு அப்படித்தான் கேக்கும்"ன்னு சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். வல்லரசு, நான் இந்த ஊரில் யாரையும் எளிதில் நம்புகிறவன் இல்லை. பால்காரனை நம்பமாட்டேன், எடைக்கல்லை நம்பமாட்டேன், சண்டை நின்றுவிட்டது என்று டிவியில் சொன்னதை இன்னும் நம்பவில்லை. ஒருவனைச் சந்தேகப்பட என்னென்ன காரணம் வேண்டுமோ அவ்வளவும் எனக்குத் தெரியும். அன்று ராஜம்மாள் அடுக்கிய காரணங்களை வைத்துப் பார்த்தால், அடுத்த தெருவில் இன்னொருவன் மகனாக இருந்தால் முதல் ஆளாகச் சந்தேகப்பட்டிருப்பவன் நான்தான். உன்னைத் தரையில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தரையில் உன்னைச் சுற்றி நிற்பவர்கள் உன்னை எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைக்கவில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்து வேங்கிக்கால் போனேன். உன் அம்மாவிடம் சொல்லவில்லை. அங்கே அப்பாசாமி உடுப்பில் இருந்தார், என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். "வாங்கய்யா, பிஸ்கட் எதுனா கொண்டாந்தீங்களா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஒரு பெண், கஸ்தூரி என்று பெயர், நந்தினி வயதுதான் இருக்கும். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டார். உங்கள் ஏட்டு முதலில் பொய் சொன்னார் என்றேன். அப்பாசாமி, "நான் இன்னாய்யா பொய் சொன்னேன்?" என்றார். கிரிவலம் வந்தேன் என்று சொன்னீர்கள், காலில் ஷூ இருந்தது என்றேன். அவர், "ஷூ போட்டுக்கினு நடந்தா நம்பக்கூடாதுன்னு எதுனா சட்டம் இருக்குதா?"ன்னு கேட்டார். "எங்க ஊர்ல இருக்குது"ன்னு சொன்னேன். அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு சிரித்துவிட்டு, "அண்ணே, நாளையிலேர்ந்து நீங்க வெறுங்காலோட போங்க"ன்னு அவரிடம் சொன்னார். நல்ல அதிகாரி. எல்லாவற்றையும் கேட்டு எழுதினார். உன் பிறப்பு, பள்ளி, கல்லூரி, நம் உறவுக்காரர்கள், வெளிநாட்டில் யாராவது உண்டா, எல்லாம். கூப்பிட்டபோது ஏன் வரவில்லை என்று கேட்டார். மல்லாட்டை என்றேன். அது பொய் என்று அவருக்குத் தெரிந்தது, இருந்தாலும் மல்லாட்டை என்றே எழுதினார்.

கடைசியில் பேனாவை வைத்துவிட்டு, அப்பாவாக நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். ஆட்சேபணை உண்டு, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஐயா, நீங்க ஆட்சேபணைன்னு சொன்னா நான் எழுதித்தான் ஆகணும். எழுதினா உங்க பையன் கீழயே இருந்துருவாரு. எழுதட்டுமா?"ன்னு கேட்டார். பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டார். அப்பாசாமி சிரிப்பதை நிறுத்திவிட்டார். நீ விண்ணப்பம் போட்டபோது என்னைக் கேட்கவில்லை, கிளம்பியபோது கேட்கவில்லை, மொட்டை அடித்து உடுப்புப் போட்டபோது கேட்கவில்லை. இதைக் கேட்பதற்கென்று ஒரு பெண் வேங்கிக்காலில் உட்கார்ந்திருந்தார். வேண்டாம் என்றேன். சத்தமாகச் சொல்லுங்கள் என்றார். "எழுத வேணாம்மா. போகட்டும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டேன். அப்பாசாமி வாசல் வரை வந்து, எனக்கும் ஒரு பையன் இருக்கிறான், எல்லையில் காவலில் இருக்கிறான் என்று சொன்னார். நான் அவர் தோளைத் தொட்டுவிட்டு வந்தேன். மறுநாளே பதில் மேலே போய்விடும் என்று சொன்னார்கள். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அது உன் இடத்துக்கு வந்து சேரும்.

அங்கிருந்து நம் வீடு பக்கம்தான், ஆனால் மலையை இடமாகச் சுற்றி வர மனம் வரவில்லை. ஊருக்குள் போய்க் கோபுரத்தைத் தாண்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முறைப்படி சுற்றியே வீட்டுக்கு வந்தேன். வேண்டிக்கொண்டு நடக்கவில்லை. ஆட்டோ கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள். உன் அம்மா என் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "சொல்லிட்டீங்களா?"ன்னு கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். போய்ச் சொல்லு சொல்லு என்று என்னைப் பேசாமலேயே விரட்டியவள், உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். ஏன் அழுகிறாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் நான் போகாமல் இருந்த நாட்களில் ஏன் முன்னாலேயே காசியை விட்டு என்னை இழுத்துக்கொண்டு போகவில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அது அன்று தீர்ந்தது. காசியிடம் நான் போனதை நீயே சொல், என் வாயால் அவனிடம் சொல்லமாட்டேன்.

மற்றபடி, உன் அறையில் கூட இருக்கும் பையன் நம் வீட்டுப் படத்தைக் கேட்டான் என்று சொன்னாயே, ஏன் கேட்டான் என்று விசாரித்து வை. நட்பு வேறு, விசாரணை வேறு. வெறும் வயிற்றோடு மேலே போகாதே. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்க விடுவார்களா என்று கேள், விடாவிட்டால் உள்ளங்காலுக்காவது வை. வாத்தியார் சொல்வதைக் கேள், ஆனால் கிளம்பும் முன்னால் விமானத்தை நீயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொள், மெக்கானிக் பார்த்துவிட்டான் என்று சொன்னால் சரி என்று ஏறிவிடாதே, அவனும் மனிதன்தான். வண்டியில் காற்றை நாமே அழுத்திப் பார்ப்பது இல்லையா, அதுபோல. உன் அம்மா மல்லாட்டை வறுத்து டப்பாவில் அடைத்துத் தனிப் பார்சலாக அனுப்புகிறாள், அதை வாங்கி அங்கே யாராவது தின்றுவிட்டுக் காலி டப்பாவைக் கொடுத்தால் எனக்கு எழுது.

அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், தலை நிமிர்ந்து இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். வாத்தியார் இல்லாமல் அந்தப் பெரிய விமானத்தை நீ தனியாக எடுத்துக்கொண்டு போகும் நாள் எது என்று எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லாதே. எதையும் மறைக்காதே என்று உன்னை வளர்த்தவன்தான் சொல்கிறேன், அதை மறைத்துவிடு. போய்விட்டு இறங்கி வந்து, தரையில் நின்று, தண்ணீர் குடித்துவிட்டு, பிறகு போன் போடு. என் நம்பருக்குப் போடு. எந்த நம்பரிலிருந்து வந்தாலும் எடுக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
தருமன்.